வெந்த இறாலும் வந்த மாமனாரும்

மினோயா கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். 'குடும்பத்தோடு வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகிறோம். வெள்ளிக்கிழமை திறப்போம். மன்னிக்கவும்.' பக்கத்தில் ஒரு படம் வேறு. இறால் ஒன்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

தமோத்சு அந்த இறாலையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் முகத்தில் இருந்த நிம்மதி அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஷட்டரைத் தட்டிப் பார்த்தான்.

பக்கத்து டோஃபு கடை அம்மாள் எட்டிப் பார்த்தாள். "அதான் எழுதிப் போட்டிருக்காங்களே. தட்டினா அங்கேருந்து எந்திரிச்சு ஓடி வருவாங்களா?"

"அவசரம்மா. இறால் ஃப்ரை வேணும்."

"வீட்டுல பண்ணிக்கோங்களேன். அது என்ன பெரிய வித்தையா?"

தமோத்சுவைப் பொறுத்தவரை அது பெரிய வித்தைதான். ஆனால் அது ஊருக்குத் தெரியாது. வீட்டுக்கே தெரியாது.

வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு அவன் வீட்டோடு இருந்தான். மனைவி சிஹாரு ஆபீஸ் போனாள். துவைப்பது, துடைப்பது, சோறாக்குவது, மிசோ சூப் வைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தான். கொதிக்கிற எண்ணெய் என்றால் மட்டும் பயம். ஒருநாள் மினோயாவில் வாங்கிய இறால் ஃப்ரையைத் தட்டில் அடுக்கி வைத்தான். அவள் ஒரு கடி கடித்துவிட்டு, "இதை நீயா பண்ணே?" என்று கண்ணை அகல விரித்தாள். அந்தக் கண்ணில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. "ம்" என்றான்.

அந்த ஒரு 'ம்' வளர்ந்துவிட்டது. வாரா வாரம் இறால் ஃப்ரை. வாரா வாரம் மினோயாவின் பொட்டலத்தை எதிர்வீட்டுக் குப்பையோடு சேர்த்துப் போடுவது. போதாததற்குப் புத்தாண்டு விருந்தில் எல்லார் முன்னாலும் சிஹாரு, "நாகோயாவுல எந்தக் கடையிலும் இவன் பண்ற மாதிரி கிடைக்காது" என்று அறிவித்தாள். அப்போது மாமனார் இவாவோ சாகே மதுக் கிண்ணத்தைப் பாதி வழியிலேயே நிறுத்தி, மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார்.

இவாவோ பார்ப்பதென்றால் அது சாதாரணப் பார்வை இல்லை. வேலைக்காலம் முழுக்க ரயில்வேயில் தண்டவாளத்தோடு நடந்து நடந்து விரிசல் கண்டுபிடித்தவர். மயிரிழை விரிசலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மாப்பிள்ளை வேலையில்லாமல் வீட்டில் இருப்பதைப் பற்றி இதுவரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தமோத்சுவுக்கு அதுதான் பயம்.

இன்று காலையில் ஆபீஸிலிருந்து சிஹாரு போன் செய்தாள்.

"அப்பா சாயங்காலம் வரார்."

"எதுக்கு?"

"கேட்டா சொல்ல மாட்டேங்கிறார். மாப்பிள்ளை வீட்டுல என்னதான் பண்றார்னு நேர்ல பாக்கணுமாம். இறால் ஃப்ரை பண்ணச் சொன்னார். பண்றதைப் பாக்கணுமாம்."

"பண்றதையா? சாப்பிடறதுக்கு இல்லையா?"

"பண்றதைன்னுதான் சொன்னார். ஏன் உன் குரல் இப்படி உள்ள போகுது? உனக்குத்தான் அது தூக்கத்துல கூட வருமே."

மினோயாவில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டு, 'நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு மாமா' என்று சொல்லிவிடலாம் என்பது தமோத்சுவின் திட்டம். அந்தத் திட்டம் இப்போது தலையில் துண்டோடு வெந்நீரில் உட்கார்ந்திருந்தது.

சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடினான். பச்சை இறால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஐஸ் கிடந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட மீன் பகுதிக்காரர் ஐஸைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"பச்சை காலையிலயே காலி சார். வேக வெச்சது இருக்கு."

"வேக வெச்சதை ஃப்ரை பண்ணலாமா?"

"பண்ணா யாரும் கேஸ் போட மாட்டாங்க. ஆனா பச்சையில பண்ற மாதிரி நெனச்சுப் பண்ணீங்கன்னா..."

மீதியைத் தமோத்சு கேட்கவில்லை. ஏற்கெனவே வெந்த இறால் என்றால் பாதி வேலை முடிந்துவிட்ட இறால். இதைப் போய் ஏன் யாரும் வாங்காமல் விட்டார்கள் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே பெரிய பாக்கெட்டாக எடுத்தான்.

ஏன் வாங்கவில்லை என்பது வீட்டில் பாக்கெட்டைப் பிரித்ததும் தெரிந்தது. ஒவ்வோர் இறாலும் சிவந்து சுருண்டு படுத்திருந்தது. நாகோயாவில் இறால் ஃப்ரை என்றால் கம்பு மாதிரி நேராகத் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுருண்டதை எந்த வீட்டிலும் விருந்தாளி முன் வைக்க மாட்டார்கள்.

ஒன்றை எடுத்து மெதுவாக நிமிர்த்தினான். இரண்டாக ஒடிந்தது. போனில் தேடிப் பார்த்தான். 'வயிற்றுப் பக்கம் கத்தியால் லேசாகக் கீறினால் நேராகும்' என்று இருந்தது. பச்சை இறாலுக்கு என்று அதற்கு மேல் வரியில் இருந்ததை அவன் படிக்கவில்லை. கீறினான். மூன்றாக வந்தது.

கடைசியில் பல்குச்சி டப்பாவை எடுத்து, ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் ஒரு குச்சியை நீளவாக்கில் செருகினான். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட நோயாளிகள் போல அவை தட்டில் வரிசையாகக் கிடந்தன. ஆனாலும் ஏறக்குறைய நேராக இருந்தன.

மைதா, முட்டை, ரொட்டித்தூள் மூன்றிலும் புரட்டி முதல் ஈட்டை எண்ணெயில் விட்டான். எண்ணெய் சீறி எழுந்தது. தமோத்சு குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். சத்தம் அடங்கியதும் எட்டிப் பார்த்தால் மாவு தனி, இறால் தனி. ஆற்றங்கரையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்க இறங்கினவன் மாதிரி, மேல்மாவை ஒரு பக்கம் விட்டுவிட்டு இறால் வெறும் உடம்போடு மிதந்தது. ஒன்றைக் கடித்தான். செருப்பு வாரைக் கடித்தது போல் இருந்தது.

ஈரம்தான் காரணம் என்று புரிந்தது. வெந்த இறால் தண்ணீரைக் கக்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் இருந்த டிஷ்யூ எல்லாம் தீர்ந்தது. கைத்துண்டு நனைந்தது. அப்போதுதான் குளியலறையில் சிஹாருவின் ஹேர் டிரையர் கண்ணில் பட்டது.

அது நல்ல யோசனைதான். பக்கத்தில் மைதாத் தட்டு திறந்து கிடந்ததை மட்டும் அவன் கவனிக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் மைதா எழும்பிக் கூரையைத் தொட்டுவிட்டு நிதானமாகத் தமோத்சுவின் தலைமேல் இறங்கியது.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கோட்டும் டையுமாக இவாவோ நின்றார். கையில் தொயோஹாஷி ஊரின் சிகுவா மீன் பலகார டப்பா. மாப்பிள்ளையின் வெள்ளைத் தலையையும் வெள்ளைப் புருவத்தையும் கையிலிருந்த ஹேர் டிரையரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"மாமா! சாயங்காலம்னு..."

"ஆரம்பத்துலேருந்து பாக்கணும்னு வந்தேன்."

"உள்ள வந்து உக்காருங்க. டீ போடறேன்."

"வேண்டாம். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் நின்னு பாக்கறேன்."

சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். தமோத்சுவின் முதுகில் வியர்வை மைதாவோடு சேர்ந்து பிசைந்துகொண்டது. போன் அதிர்ந்தது. சிஹாருவின் செய்தி. 'மீட்டிங் இழுக்குது. அப்பாவைக் கவனிச்சுக்கோ. அசத்து!'

"அது என்ன?" என்றார் இவாவோ.

"ஹேர் டிரையர் மாமா."

"தெரியுது. இறாலுக்கு எதுக்கு?"

"ஈரம் இருந்தா மாவு ஒட்டாது. காய வைக்கணும்."

"எல்லாரும் இப்படித்தான் பண்றாங்களா?"

"எல்லாரும்னு இல்ல. இது... என்னோட முறை."

இவாவோ கண்ணை மூடி உதட்டுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டார். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் நீதிபதிகள் அப்படித்தான் கண்ணை மூடுவார்கள் என்று தமோத்சுவுக்குத் தோன்றியது.

"உள்ள குச்சி?"

"நேரா நிக்கறதுக்கு."

இவாவோ குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, தட்டின் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து இறால்களை வரிசையாக நோட்டம் விட்டார். "மூணாவது இடது பக்கம் சாஞ்சிருக்கு."

"சரி பண்ணிடறேன் மாமா."

சரி செய்யப் போய் அது ஒடிந்தது. தமோத்சு அதை வாயில் போட்டு மென்றான். "உப்புப் பாத்தேன்" என்றான்.

"ஓ, முன்னாடியே பாத்துடணுமா?" என்றார் இவாவோ. குத்தலா, கேள்வியா என்று தெரியவில்லை.

இன்னும் மாவு புரட்டிக்கொண்டிருக்கும்போதே விசாரணை வேறு பக்கம் திரும்பியது.

"துணி எப்போ துவைப்பீங்க?"

"காலையில மாமா."

"வெள்ளையும் கலரும் ஒண்ணா போடுவீங்களா?"

"இல்ல, தனித்தனியா."

"ஏன்?"

"சாயம் ஒட்டிக்குமே."

"ம்... ஒட்டிக்கும்." விரலை மடக்கி எண்ணிக்கொண்டே, "குப்பையை எத்தனை விதமா பிரிப்பீங்க?" என்றார்.

தமோத்சுவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு இவன் செய்கிற வேலை மொத்தம் எவ்வளவு தேறும் என்று மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறார். கூட்டி முடித்ததும், 'இதெல்லாம் ஒரு வேலையா, என் பெண்ணை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்' என்பார். தமோத்சு அவசரமாகக் குப்பை வகைகளை ஒப்பித்தான். பாட்டில் மூடியைத் தனியாகக் கழற்றுவதுவரை விட்டுவிடாமல் சொன்னான்.

"சிஹாரு ஆபீஸ்லேருந்து வந்து, சாப்பாட்டுல குறை சொல்லுவாளா?"

"சில நாள் சொல்லுவா."

"என்ன சொல்லுவா?"

"சூப்புல உப்பு தூக்கலா இருக்குன்னு."

"அப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாமா. பேசாம இருந்துடுவேன்."

இவாவோ ஒரு பெரிய பெருமூச்சு விட்டார். 'முதுகெலும்பே இல்லாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே' என்ற பெருமூச்சு. தமோத்சுவுக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது ஈடு எண்ணெயில் இறங்கியது. இந்த முறை மாவு கழன்று போகவில்லை. ஆனால் நன்றாக வேகட்டும் என்று தமோத்சு காத்திருந்தான். ஏற்கெனவே வெந்த இறால் இன்னும் வெந்து, உள்ளே இருந்த தண்ணீர் முழுவதையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளியது. வாணலியில் எண்ணெய் வெடித்துத் தெறித்தது. தமோத்சு பாத்திர மூடியைக் கேடயமாகப் பிடித்தான். அதற்குப் பின்னால் இவாவோவும் வந்து குனிந்துகொண்டார். மாமனாரும் மாப்பிள்ளையும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தது கல்யாணப் போட்டோவுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"இது தினம் இப்படி இருக்குமா?" என்று மூடிக்குப் பின்னாலிருந்து கேட்டார் இவாவோ. அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது.

"எப்பவாவது மாமா."

சத்தம் ஓய்ந்து பார்த்தபோது ஈடு முழுவதும் கரியாகியிருந்தது. மிச்சம் இருந்தது கொஞ்சம் இறால்தான். ரொட்டித்தூள் டப்பா காலி. தமோத்சு அலமாரியைத் துழாவி அரிசி பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்தான். பையில் போட்டு உருளைக்கட்டையால் தட்டத் தொடங்கினான்.

"அது எதுக்கு?"

"மொறுமொறுப்புக்கு." பொய் சொல்லச் சொல்ல அவனுக்கே பழகிவிட்டது.

"நான் தட்டட்டுமா?"

தமோத்சு திகைத்துப்போய்க் கட்டையைக் கொடுத்தான். இவாவோ கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, தண்டவாளத்தில் ஆணி அடிக்கிற மாதிரி ஓங்கி அடித்தார். மேஜை குதித்தது. சோயா சாஸ் பாட்டில் உருண்டது. பையே கிழிந்து பிஸ்கட் தூள் நாலா பக்கமும் தெறித்தது.

"போதும் மாமா, போதும்!"

"இன்னும் நைசா வேண்டாமா?"

"வேண்டாம் மாமா!"

தேறிய தூளை வாரி, மிச்ச இறால்களைத் தமோத்சு அதில் புரட்டி வைத்தான். இந்தக் களேபரத்தில் அடுப்பை இருவருமே மறந்துவிட்டார்கள். எண்ணெய் புகைந்து, கூரையில் இருந்த அலாரம் விழித்துக்கொண்டது. மிகவும் சாந்தமான ஒரு பெண் குரல், "தீப்பிடித்திருக்கிறது. தீப்பிடித்திருக்கிறது" என்று சொல்லத் தொடங்கியது.

"யாரு அது?" என்று பதறினார் இவாவோ.

"அலாரம் மாமா!"

தமோத்சு ஜன்னலைத் திறக்க ஓடினான். இவாவோ நாற்காலிமேல் ஏறிக் கோட்டைக் கையில் எடுத்து, வருகிற ரயிலை நிறுத்துகிறவர் போல இரண்டு கையாலும் வீசினார். ஓடி வந்த தமோத்சுவின் முழங்கை தட்டி, பிஸ்கட் தூளில் புரட்டி வைத்திருந்த கடைசி இறால்கள் ஒட்டுமொத்தமாக வாணலிக்குள் சரிந்தன. அலறிக்கொண்டே அடுப்பை அணைத்து, கரண்டியை விட்டு அத்தனையையும் அடுத்த நொடியே வாரி வெளியே போட்டான்.

அலாரப் பெண் அமைதியானாள். புகை மெல்ல ஜன்னல் வழியாகப் போனது. இவாவோ நாற்காலியிலிருந்து இறங்கி டையைச் சரி செய்துகொண்டார். இருவரும் தட்டைப் பார்த்தார்கள்.

இறால்கள் பொன்னிறமாக இருந்தன.

மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இவாவோ கைகளைக் குவித்து வணங்கிவிட்டு, சாப்ஸ்டிக்கால் ஒன்றை எடுத்துக் கடித்தார். 'மொறுக்' என்று சத்தம் கேட்டது. தமோத்சுவும் ஒன்றைக் கடித்துப் பார்த்தான். அவனுக்கே நம்ப முடியவில்லை. வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பதமாக இருந்தது. முன்பே வெந்ததற்கு அந்த ஒரு நொடிச் சூடுதான் தேவைப்பட்டிருக்கிறது.

இவாவோ நிதானமாக மென்றார். பல்குச்சியை உருவித் தட்டோரம் வைத்தார். வால்வரை தின்றார். இன்னொன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"வளைஞ்சிருக்கு."

அந்த ஒரு வார்த்தையில் தமோத்சு உடைந்துவிட்டான்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. இது பச்சை இறால் இல்ல. வேக வெச்சு விக்கறதை வாங்கிட்டு வந்தேன். இதுவரைக்கும் நான் இறால் ஃப்ரை பண்ணினதே இல்ல. எல்லாம் மினோயா கடையில வாங்கினது. சிஹாருவுக்குக் கூடத் தெரியாது. இன்னிக்குத்தான் முதல் தடவையா வாணலியில எண்ணெயே ஊத்தறேன்."

இவாவோவின் முகம் வெளிறியது. சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்த ஹேர் டிரையர்?"

"அவசரத்துக்குத் தோணினது மாமா."

"குச்சி? பிஸ்கட்?"

"எல்லாமே."

"இவ்வளவு நேரம் நான் நின்னு பாத்தது எல்லாம்..." தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, மேஜைமேல் சாய்ந்து, "துணி? துணியாவது நீங்கதான் துவைக்கிறீங்களா?" என்றார்.

"அது நான்தான் மாமா. சத்தியமா."

"மிசோ சூப்பு?"

"நான்தான்."

"குப்பை?"

"நான்தான் மாமா. மூடி கழட்டறதுகூட நான்தான்."

இவாவோ மூச்சை விட்டார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. "சரி. அப்போ பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு இன்னோர் இறாலை எடுத்துக்கொண்டார்.

எது பரவாயில்லை என்று தமோத்சுவுக்கு விளங்கவில்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறாரா, விட்டுவிட்டுப் போகிறாரா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். பாதி கடித்த இறாலைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தான்.

அப்போது இவாவோவின் கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றார். ஒரு விநாடி யோசித்துவிட்டு, போனை இரண்டு கையாலும் மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"நீங்களே பேசிடுங்க."

"நானா?"

"நான் சொன்னா நம்ப மாட்டா."

தமோத்சு வாங்கிக் காதில் வைத்தான். மாமியார் மசுயோவின் குரல். ஏதோ பஸ் நிறுத்தத்திலிருந்து பேசுவது போல் பின்னால் ஒரே இரைச்சல். விஷயம் அதற்குள் அவள்வரை போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து அவன் முந்திக்கொண்டான்.

"அத்தை, மன்னிச்சிடுங்க. மாமாவை ஏமாத்தணும்னு நான்..."

"அதெல்லாம் கிடக்கட்டும் மாப்பிள்ளை, திங்கக்கிழமையிலேருந்து நான் வேலைக்குப் போறேன், இனிமே வீட்டு வேலை பூரா அவர்தான், உங்ககிட்ட எல்லாத்தையும் கத்துக்கிட்டு வந்தாத்தான் வீட்டுக்குள்ள விடுவேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்... ஆள் தேறுவாரா?"